உன்னை ‘மிஸ்’ என்று அழைத்த உம்மா எழுதுவது

மகள் ஸஹ்லாவுக்கு, அல்லாஹ் உனக்கு ஆரோக்கியத்தையும் அமைதியையும் தரட்டும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒரே வார்ட்டில் வேலையும் செய்துகொண்டு, உம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி. வாயால் சொல்லிவிடலாம் என்று சில நாட்களாக முயன்றேன். நீ கலியாணச் சாரியின் கரையைக் காட்டி, “இது நல்லமா உம்மா?” என்று கேட்கிறாய். நான் “நல்லம்” என்கிறேன். பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது. இன்னும் மூன்று கிழமையில், நம் ஊர் வழக்கப்படி, உன் மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்துவிடுவார். வீடு உன்னுடையதாகிவிடும், நானும் வாப்பாவும் பின்பக்கத்து அறைக்குப் போய்விடுவோம். அதற்குப் பிறகு உன்னோடு தனியாகக் கதைக்க எனக்கு நேரம் வாய்க்காது. வாய்த்தாலும் தைரியம் வராது.

போன சனிக்கிழமை கலியாண அழைப்புக் காட் அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்ததும் நீ மேலே இருந்த முதல் காட்டை எடுத்துப் பெயர் எழுதினாய். உன் பெரிய மாமாவுக்காக்கும் என்று நினைத்தேன். நீ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே நம் வார்ட்டின் மூத்த தாதி நபீஸா மிஸ்ஸின் வீட்டுக்குப் போனாய். திரும்பி வந்தபோது உன் முகம் பூரித்திருந்தது. “அவ அழுதிட்டா உம்மா” என்றாய். உன்னை முதல் ஆறு மாதம் அழவைத்த பெண் அழுதுவிட்டாள் என்று நீ மகிழ்ந்துபோய்ச் சொல்கிறாய். “ஏன் அவக்கு முதல்ல?” என்று கேட்டேன். நீ யோசிக்கவே இல்லை. “அவதானே உம்மா என்னய நேர்ஸாக்கின” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய். நான் அந்த இடத்திலேயே நின்றேன். கையில் தேங்காய்த் துருவல் இருந்தது. அதைக் கறிக்குப் போட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது.

எனக்கு நபீஸா மிஸ்மீது பொறாமை, மகள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மற்றவற்றை எழுத இலகுவாக இருக்கும். அவர் உன்னிடம் பெற்ற மரியாதைமீது பொறாமை. அதைவிட, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், உன்மீதும் பொறாமை. பெற்ற பிள்ளைமீது ஒரு தாய்க்குப் பொறாமை வருமா என்று கேட்பாய். வரும். எனக்கு வந்தது. நீ அந்த வெள்ளைச் சீருடையை முதன்முதலில் உடுத்திக் கண்ணாடிக்கு முன் நின்ற காலையில் வந்தது.

எனக்குத் தாதியர் பயிற்சிக்கு வந்த கடிதத்தைப் பற்றி நீ அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறாய். உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு நானும் விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சைக்கு என் கூடப்பிறந்த காக்கா கூட்டிக்கொண்டு போனார், என் வாப்பாவுக்குச் சொல்லாமல். தெரிவாகிவிட்டேன் என்று கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டு ஒழுங்கையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். வாப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். திட்டவில்லை. மடித்துத் தன் குர்ஆன் வைக்கும் அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு, “யோசிப்பம்” என்றார். அது நாடு கெட்டுக்கிடந்த காலம். ஒரு பொடிச்சியை வெளியூர் விடுதிக்கு அனுப்பிவிட்டு எந்த வாப்பாவும் நிம்மதியாக இருந்திருக்க மாட்டார். அதை இப்போது விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் “யோசிப்பம், யோசிப்பம்” என்று சொல்லிச் சொல்லியே, சேர வேண்டிய திகதியைக் கடத்திவிட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன். அப்படி முடிக்காமல் விட்ட அழுகை எங்கே போய் ஒளிந்திருந்தது என்று, நீ வெள்ளை உடுத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு உன் வாப்பாவைக் கட்டினேன். நீ பிறந்தாய். நீ நடக்கத் தொடங்கிய வருடம் ஆஸ்பத்திரிக்கு அட்டென்டன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தாதியாகப் போக முடியாத இடத்துக்குத் தாதிமாருக்குக் கைவேலை செய்யவாவது போவோம் என்று போனேன். நிலம் துடைத்தேன், கட்டில் விரித்தேன், மலச்சட்டி எடுத்தேன், நோயாளிகளைச் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன், ஊட்டிவிட்டேன். கூடவே கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்தேன். சில வருடங்களில், எந்த நோயாளிக்கு மூச்சு வித்தியாசமாக இருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லுவேன். புதிதாக வரும் தாதிப் பிள்ளைகள் ஊசியோடு என்னிடம்தான் வருவார்கள். “ராத்தா, இவக்கு நரம்பு கிடைக்குதில்ல.” கிழவிகளின் காய்ந்த கைகளில் ஊசி போட நரம்பு தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல்லுவேன். நரம்பு தானாக எழும்பி வரும். எல்லோருக்கும் அக்காபோல, ஆஸ்பத்திரி முழுக்க எனக்கு ராத்தா என்றுதான் பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வெள்ளை உடுப்பு இல்லாமலேயே நானும் ஒரு தாதிதான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

உன்னைப் படிக்க வைத்ததும் நான்தான், உனக்குத் தெரியும். உன் வாப்பா விரும்பினார், ஆனால் துரத்தவில்லை. நான்தான் துரத்தினேன். பயிற்சிக்கு உனக்குக் கடிதம் வந்த அன்று “யோசிப்பம்” என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் உச்சரிக்க நான் விடவில்லை. நீ பயிற்சி முடித்து, வெளியூரில் ஒரு வருடம் இருந்து, பிறகு நம் ஆஸ்பத்திரிக்கே மாறி வந்தாய். ஆள் பற்றாக்குறை. உன்னை என்னுடைய பெண்கள் வார்ட்டுக்கே போட்டார்கள். ஊரெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னது. எல்லோருக்கும் வட்டிலப்பம் கொடுத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். நீ மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வீட்டில் கேட்பதுபோல, “உம்மா, அந்தப் பஞ்சுப் பெட்டிய எடுங்க” என்றாய். நபீஸா மிஸ் பேனையை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு வருடச் சேவை. வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டருக்கு அடுத்தபடி அவர்தான்.

“வாட்டுல உம்மாவும் இல்ல, மகளும் இல்ல” என்றார். “இஞ்ச அவ ராத்தா. நீ மிஸ். நோயாளிக்கு முன்னால வீட்டுக் கத கதைக்கப்படாது. விளங்குதா?”

“ஓம் மிஸ்” என்றாய் நீ. உன் காது சிவந்துபோனது.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சுப் பெட்டியை எடுத்து உன் கையில் தந்து, “இந்தாங்க மிஸ்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் வயிற்றில் பிறந்தவளை நான் மிஸ் என்று அழைத்தேன், அவள் என்னை ராத்தா என்று அழைத்தாள். அன்று வீட்டுக்கு வந்து நீ என் காலைப் பிடித்து, “உம்மா, கவலப்பட்டீங்களா?” என்று கேட்டாய். “என்ன கவல, அது முறைதானே” என்றேன். பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், மகள். நீ விரித்த கட்டிலை நபீஸா மிஸ் பிரித்துவிட்டுத் திரும்ப விரிக்கச் சொன்னார். நீ ஏற்றிய சேலைனை வந்து வந்து எண்ணிப் பார்த்தார். பெருநாளுக்கு முதல் நாள் டியூட்டி உனக்குத்தான். நீ எழுதிய குறிப்பை எல்லோர் முன்னாலும் வாசித்து, “இது கடிதமா, நோயாளிர நிலமையா?” என்று கேட்டார். மற்ற மூத்த மிஸ்மாரும் அவரைப் பார்த்து உன்னை ஆட்டிவைத்தார்கள். நீ ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. யாரிடமும் போய்ப் புகார் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றாய். அதே கேள்வியை அடுத்த நாள் கேட்டால் உனக்குப் பதில் தெரிந்திருந்தது. நோயாளிகளைக் கட்டில் இலக்கத்தால் அழைக்காமல் பெயரால் அழைத்தாய். இதையெல்லாம் நான் உனக்குப் புத்தியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீயாகவே செய்தாய். நான் நிலத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. இதை நான் உனக்குச் சொன்னதில்லை. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும் அறையில் மூத்த மிஸ்மார் இருந்தார்கள். “ராத்தா, உங்கட மகள் வீட்டயும் இப்பிடி வாய் திறக்காதா?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அத்தனை பேர் என் வாயைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. நீ வந்த பிறகு புதிய பிள்ளைகள் என்னிடம் கேட்பதை நிறுத்தி உன்னிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நான் சொன்னேன்: “அவ சின்னதில மீன் வெட்டுறத்தப் பாத்து மயங்கி விழுந்தவ. வாப்பா கொண்டுவந்த பாரை மீன்ட செவுள்ள ரத்தத்தக் கண்டிட்டு, வாசல் முத்தத்தில பொத்தெண்டு.” விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து உனக்கு ‘மயக்க மிஸ்’ என்று பெயர். நோயாளிகளின் சொந்தக்காரர்வரைக்கும் அந்தப் பெயர் போனது. அதை யார் சொன்னது என்று நீ வீட்டில் கேட்டாய். “ஆரோ செல்லியிருப்பாங்க, உட்டுத்தள்ளு” என்றேன். நான்தான் சொன்னேன், மகள். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன் என்று நெடுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நீ கொஞ்சம் சிறுக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

உன் வாப்பாவுக்கு என் உள்ளம் தெரிந்திருந்தது. கடலுக்குப் போவதை விட்டபின் அவர் வீட்டில் கதைப்பது குறைவு. ஆனால் கவனிப்பது கூடிப்போனது. ஒரு அஸர் தொழுகை நேரம், நீ டியூட்டியில் இருந்தாய், நான் அவரிடம் உன்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னை வேலைக்காரிபோல ஏவுகிறாள், வார்ட்டில் நிமிர்ந்து நடக்கிறாள் என்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உனக்கு ஆரோட கோபம்? இவளோடயா, உன்ட வாப்பாவோடயா?” என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் அன்று சொன்னதை அன்றே காதில் போட்டிருந்தால் அடுத்த மாதம் நடந்தது நடந்திருக்காது.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் கட்டிலில் மருதமுனை ஆமினா இருந்தாள். தறி நெய்கிற பெண், சீனி வருத்தம், காலில் ஆறாத புண். அவளுக்கு ஆஸ்பத்திரியில் சாப்பிடத் தரும் பாண் இறங்காது. மகள்தான் விடிய வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவாள். இன்சுலின் ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்து. இது என்னைப்போன்ற அட்டென்டனுக்கும் மனப்பாடம். அன்று வார்ட்டில் ஆட்கள் நிறைந்து நிலத்திலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். உன் கையில் ஊசி. நீ தூரத்தில் இருந்து கேட்டாய்:

“ராத்தா, பன்னெண்டுக்குச் சாப்பாடு வந்திட்டா எண்டு பாத்துச் செல்லுங்க.”

நான் அப்போது ஒரு கிழவிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். நான் குனிந்திருக்கும்போது நீ நின்றபடி எனக்கு வேலை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். தலையைக்கூடத் திருப்பவில்லை. “ஓம் மிஸ், வந்திரிக்கி. சாப்பிடப் போறா” என்றேன். நீ ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாய். ஆமினாவின் மகள் அன்று வரவே இல்லை. அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். டொக்டர்மார் சுற்றுக்கு வந்திருந்தார்கள். ஆமினா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். எல்லோரும் நித்திரை என்று நினைத்தார்கள். நீ அந்தப் பக்கம் போனவள் திரும்பி வந்து அவளுடைய முதுகைத் தொட்டாய். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் ஏதோ குழறினாள். நீ விரலில் குத்திச் சீனியைப் பார்த்தாய், பார்த்த கையோடு குளுக்கோஸ் ஊசிக்கு ஓடினாய். ஓடும்போது உன் முகம் என் பக்கம் ஒருமுறை திரும்பியது. நான் கட்டிலுக்கு அருகில் இருந்த சின்ன அலுமாரியைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பாத்திரம் இல்லை.

ஆமினா கண் திறந்தாள், அல்ஹம்துலில்லாஹ். பெரிய டொக்டர் உன்னை நோயாளிகள் முன்னாலேயே ஏசினார். சிஸ்டர் எங்களை மேசைக்கு அழைத்தார். ரூபி சிஸ்டர் சத்தம் போடுகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சாப்பாடு வராம ஊசி போட்டது எப்பிடி? ஆரும் வந்திட்டெண்டு சொன்னதா?” என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். நபீஸா மிஸ்ஸும் நின்றார். நான் சொல்வேன் என்று நீ காத்திருந்தாயா என்று தெரியவில்லை. என் வாய் திறக்கவில்லை. நீ பேனையை எடுத்து, சம்பவங்கள் எழுதும் புத்தகத்தைத் திறந்து, நின்றபடியே எழுதினாய். ‘நோயாளிக்குச் சாப்பாடு வந்திருக்கிறதா என்று என் கண்ணால் பார்க்காமல் நான் ஊசி போட்டேன்.’ அவ்வளவுதான். கீழே உன் பெயர், ஒப்பம். என் பெயர் எங்கேயும் இல்லை.

அதனால் நீ என்ன இழந்தாய் என்று எனக்குத் தெரியும். விளக்கக் கடிதம் எழுதினாய். மருந்து வண்டியை உன்னிடமிருந்து எடுத்தார்கள். உன் கூட வந்தவர்களுக்கெல்லாம் நியமனம் நிரந்தரமானபோது உன்னுடையது பிந்தியது. நீ பெற்றதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணி அறையில் யாரோ உன்னை மயக்க மிஸ் என்றார்கள். நபீஸா மிஸ் கோப்பையை மேசையில் வைத்தார். “இனி அந்தப் பேரு வேணாம்” என்றார். “பதினெட்டு வருஷத்தில நான் விட்ட பிழைகள் எனக்குத் தெரியும். ஒண்டையும் என்ட கையால எழுதினதில்ல. இவ எழுதிட்டா.” அன்றிலிருந்து உன்னை யாரும் ஆட்டிவைக்கவில்லை. உன்னைவிட இருபது வயது மூத்தவர்கள் ஒரு கணக்கில் சந்தேகம் வந்தால், “ஸஹ்லா, இதக் கொஞ்சம் பாரு” என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் துடைத்த அதே நிலத்தில், நான் கனவு கண்ட மரியாதை உனக்கு வந்தது. அதுவும் என்னுடைய பொய்யில் கால் வைத்து ஏறி வந்தது. இதைவிடப் பெரிய தண்டனையை யார் எனக்குத் தந்திருக்க முடியும்?

தேத்தண்ணி அறையில் அப்படிச் சொன்ன அன்று பின்னேரம் நபீஸா மிஸ் என்னைத் துணி அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “நான் அந்தக் கட்டிலடியிலதான் நிண்டன் ராத்தா. நீங்க சென்னத்தக் கேட்டன். சிஸ்டருக்கு முன்னால நீங்க வாயத் துறப்பீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன்.” நான் தலையைக் குனிந்தேன். “நான் செல்லமாட்டன்” என்றார். “அது அந்தப் புள்ள தெரிஞ்செடுத்த வழி. நான் கெடுக்கப்படாது.” என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கும் நன்றி வரவில்லை எனக்கு. உன்னை என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டாரே என்று எரிச்சல்தான் வந்தது.

ஒரு கிழமை பொறுத்து நான் அடுப்படியில் உன்னிடம் கேட்டேன். உம்மாவைக் காப்பாற்ற நீ உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு வேதனையும் இருந்தது, ஒரு இரகசியச் சந்தோஷமும் இருந்தது. மகள் இன்னும் என்னுடையவள்தான் என்று. “என்ட பேர ஏன் எழுதல்ல?” என்றேன். நீ இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தாய். “உம்மா, ஊசி என்ட கையிலதான் இருந்திச்சி. பாக்க வேண்டியது நான்” என்றாய். “எனக்காகத்தான் எண்டு நெனச்சன்” என்றேன். நீ உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இல்ல உம்மா. ஆரு செல்லியிருந்தாலும் அப்பிடித்தான் எழுதியிருப்பன்” என்றாய். நீ என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாய். ஆனால் அது என்னைக் குத்தியதுபோல எதுவும் குத்தியதில்லை. எனக்காக நீ பொய் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். நீ உன் வேலைக்காக உண்மையை எழுதினாய், அந்த இடத்தில் உம்மா என்ற ஆளே இல்லை.

அதன் பிறகு நபீஸா மிஸ் உன்னைப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். நீ வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், “நபீஸா மிஸ் செல்லுவா” என்றுதான் தொடங்குவாய். முக்காட்டை அவர் குத்துவதுபோலக் குத்தத் தொடங்கினாய். ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் என் கையைப் பிடித்து, வெதுவெதுப்பான துணியைச் சுற்றி, “இஞ்ச பாருங்க உம்மா, இப்பிடி வெச்சா நரம்பு எழும்பும். நபீஸா மிஸ் பழக்கித் தந்தவ” என்றாய். உன் கண் மின்னியது. நபீஸா மிஸ் புதிதாக வந்த வருடம், ஒரு கிழவியின் கையில் நரம்பு தேடித் திணறியபோது, அதை அவருக்குக் காட்டிக்கொடுத்தவள் நான். அவர் அதை உனக்குச் சொல்லவில்லை, ஒருவேளை மறந்திருப்பார். நான் “அப்பிடியா” என்றேன். என் கையில் நரம்பு எழும்பி நின்றது. நீ அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாய்.

இப்போது, காட் கொடுத்த சனிக்கிழமைக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். “அவதானே என்னய நேர்ஸாக்கின” என்று நீ சொன்னது இரண்டு நாள் என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. கோபத்தில் தொடங்கிய யோசனை எங்கெங்கோ போய், கடைசியில் ஆமினாவிடம் போய் நின்றது. இரண்டு வருடமாக நான் உன்னையும் நபீஸா மிஸ்ஸையும் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். சாகப் பார்த்தவளைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை. அது எனக்கே பயத்தைத் தந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. சாய்ந்தமருதில் பஸ் ஏறி மருதமுனைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆமினா தறியில் இருந்தாள். கால் ஆறியிருந்தது. அவள் நெய்யும் சாரன் துணிகளை மகன் படம்பிடித்துப் போனில் போட்டு வெளியூருக்கு விற்கிறானாம், நெய்து முடிக்க நேரம் காணாதாம்.

“நீங்க ஆரு?” என்று கேட்டாள். வார்ட்டில் வேலை செய்கிறவள் என்றேன். “குற நினைக்காதீங்க, உங்கட முகம் ஞாபகமில்ல” என்றாள். “அந்த மெலிஞ்ச மிஸ்ஸத்தான் ஞாபகம். நான் கண் முழிக்கக்குள்ள அவட முகம்தான் தெரிஞ்ச.” அவளை நான் பதினேழு நாள் குளிப்பாட்டிவிட்டிருக்கிறேன், மகள். அந்த இடத்திலும் எனக்குப் பொறாமை எட்டிப் பார்த்தது. அதைத் தள்ளிவிட்டு, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

ஆமினா விரலில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். “நீங்க பாக்காமச் சென்னது அந்தப் புள்ளக்கித் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் உங்களக் காட்டிக்குடுக்கல்லயா?”

“இல்ல. அவ என்ட மகள்” என்றேன்.

“அதுக்காகவா?”

ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? “இல்ல” என்றேன். “ஆரா இருந்தாலும் காட்டிக்குடுத்திருக்கமாட்டா. அவ அப்பிடித்தான்.”

ஆமினா எழுந்து பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். தனக்குச் சீனி இல்லாமல், எனக்குச் சீனி போட்டு. “அல்லாஹ் எனக்கு ஆயுசத் தந்திட்டான். நான் மாப்புத் தந்திட்டன், இந்த வாசலோட முடிஞ்சிட்டு” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “அந்தப் புள்ளக்கிட்டக் கேட்டீங்களா?” என்றாள்.

கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஏன் எழுதினாய் என்று கேட்டேன், ஏன் என் பெயரை விட்டாய் என்று கேட்டேன், ஏன் அவருக்கு முதல் காட் என்று கேட்டேன். மாப்பு மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பார்க்காமல் சொன்ன பொய்க்கும், சிஸ்டர் முன்னால் மூடிய வாய்க்கும், அந்த மீன் கதைக்கும், நீ அழுதபோது உள்ளுக்குள் எனக்கு வந்த சின்னச் சந்தோஷத்துக்கும் சேர்த்து. நீ உடனே தந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அவசரப்படாதே. கோபம் வந்தால் கோபப்படு. அந்த மாப்பை நான் உன்னிடமிருந்து சம்பாதிக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். நாளைக்கு நீயும் மூத்தவளாவாய். உன்னைவிட நன்றாகப் படித்த, வேகமாக விளங்குகிற ஒரு பொடிச்சி உன் வார்ட்டுக்கு வருவாள். அவள் நடையைப் பார்த்து உன் நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தும். அதற்கு முறை என்றும் ஒழுங்கு என்றும் பழக்குவது என்றும் பெயர் வைக்காதே. பொறாமை என்றே பெயர் வை. நான் அதற்குச் சரியான பெயரை வைத்திருந்தால், அன்று தலையைத் திருப்பிப் பார்த்திருப்பேன். கலியாணத்திலும் அப்படித்தான். உன் மாமியார் உன்னைக் குறை சொன்னால், அவருடைய வாழ்க்கையில் யார் “யோசிப்பம்” என்று சொல்லித் திகதியைக் கடத்தியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார். மன்னிக்கச் சொல்லவில்லை. நினைத்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு நான் விடியவே வேலைக்குப் போய்விடுவேன். உனக்கு இன்று பின்னேர டியூட்டி. நீ இதைப் படிக்கும்போது நான் சிஸ்டரின் மேசைக்கு முன்னால் நிற்பேன். அந்தப் புத்தகத்தில் நீ எழுதிய பக்கத்தைத் திறந்து, என் பெயரையும் நான் சொன்ன பொய்யையும் என் கையாலேயே எழுதப் போகிறேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிறது, விசாரணை என்று இழுப்பார்கள், வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். “எழுது” என்றார். ஓடிவந்து என்னைத் தடுக்காதே. நபீஸா மிஸ் வார்ட்டில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போவேன். அதிலும் என் பொறாமை கொஞ்சம் இருக்கிறது, மகள். நானும் எழுதக்கூடியவள் என்று அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

உன் உம்மா